வாகைகுளத்தில் விமானம் ஏறப்போகிறவர்களுக்கு

டிக்கெட் எடுக்கும் தளத்தில் ‘திரு’ என்று தட்டியதுமே திருச்சி, திருப்பதி, திருவனந்தபுரம் மூன்றும் வரிசை கட்டி வந்து நிற்கும். திருநெல்வேலி வராது. நமக்கென்று இருப்பது வாகைகுளம் ஏர்போர்ட். அதன் பெயர் தூத்துக்குடி; சில தளங்களில் இன்னும் வெள்ளைக்காரன் வைத்த ‘டூட்டிகொரின்’. மூன்றெழுத்துக் குறி டி.சி.ஆர். திருவனந்தபுரம் டி.ஆர்.வி., திருச்சி டி.ஆர்.இசட்., திருப்பதி டி.ஐ.ஆர். நான்கும் ஒரே ஜாடை. சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் பிள்ளை அவசரத்தில் அப்பாவுக்கு டிக்கெட் போடும்போது தப்பு நடப்பது இங்கேதான். பணம் கட்டுவதற்கு முன் அந்த மூன்று எழுத்தை ஒரு தடவை வாய்விட்டுப் படித்துவிடுங்கள்.

அடுத்தது பெயர். நம் பக்கத்தில் இனிஷியல் முன்னால் வரும். விமான டிக்கெட்டோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். ஆதாரில் ‘எஸ். இசக்கிமுத்து’ என்று இருந்தால் முதல் பெயரில் இசக்கிமுத்து, கடைசிப் பெயரில் எஸ் என்று போடுவது வழக்கம். ஒற்றை எழுத்தை ஏற்காத தளமென்றால் அந்த எஸ் எதன் சுருக்கமோ அந்த அப்பா பெயரை முழுதாகப் போடலாம். வாசலில் நிற்கும் காவலர் பார்ப்பது டிக்கெட்டில் உள்ள பெயரும் கையில் உள்ள அடையாள அட்டையும் ஒரே ஆளைச் சொல்கிறதா என்பதைத்தான். இனிஷியல் முன்னும் பின்னும் மாறியிருந்தால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். ஆனால் இசக்கியை ஆதாரில் ஆங்கில ‘ஈ’ எழுத்தில் தொடங்கி, டிக்கெட்டில் ‘ஐ’ எழுத்தில் தொடங்கியிருந்தால் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆதாரை மேசையில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து பார்த்து அடிப்பது ஒன்றுதான் வழி. வீட்டில் கூப்பிடும் பெயரில் டிக்கெட் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், என்ன சொல்ல.

கைக்குழந்தை இருந்தால் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். இரண்டு வயது நிறையாத பிள்ளைக்குத் தனி இருக்கை இல்லாத டிக்கெட் என்பதால், வயதுக்கு ஆதாரம் கேட்பார்கள்.

இனி சாலை. நெல்லையிலிருந்து தூத்துக்குடி போகும் நான்குவழிச் சாலையில், கே.டி.சி. நகர் தாண்டி, வல்லநாடு தாண்டி, இடையில் வருகிறது வாகைகுளம். பாளையங்கோட்டையிலிருந்து 30 கிலோமீட்டர் போல. சாதாரண நாளில் முக்கால் மணி நேரம். நான் ஒன்றேகால் மணி நேரம் வைத்துக்கொள்ளச் சொல்வேன். காரணம் இரண்டு. ஒன்று, ஜங்ஷனிலிருந்து வண்ணார்பேட்டை கடந்து கே.டி.சி. நகர் சேருவதற்குள்ளேயே காலை நேரத்தில் அரைமணி போய்விடும். மிச்சச் சாலை என்ன வேகம் கொடுத்தாலும் அதை மீட்க முடியாது. இரண்டு, வல்லநாடு தாமிரபரணிப் பாலம். பல தடவை ஓட்டை விழுந்து, ஒரு பக்கத்தை மூடி, எதிரெதிர் வண்டியை மறுபக்கத்தில் விட்ட பாலம் அது. கிளம்புமுன் வரைபடச் செயலியில் அந்த இடம் சிவப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்பதையும்தான்.

பஸ்ஸில் போகிறவர்கள் தூத்துக்குடி வண்டியில் ஏறுமுன் கேட்டுக்கொள்ள வேண்டும். 

“அண்ணாச்சி, வாகைகுளத்துல நிக்குமா?”

“இது இடையில நிக்காது. பின்னால வாரதுல ஏறுங்க.”

இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் இடைநில்லா வண்டியில் ஏறி, தூத்துக்குடி வரை போய்த் திரும்பினால் விமானம் போயிருக்கும். வாகைகுளத்தில் இறங்கினாலும் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே போக வேண்டும்; பெட்டியை உருட்டிக்கொண்டு நம்மூர் வெயிலில் அந்தத் தூரம் சும்மா இல்லை. ஒரு பையோடு போகிறவருக்கு பஸ் சரி. 15 கிலோ பெட்டி, வயசான அம்மா என்றால் கார்தான். பழைய கட்டடத்துக்குப் போய்வந்த பழக்கத்தில் டிரைவர் பழைய வழிக்குத் திருப்பப் பார்ப்பார். புது டெர்மினல் 2025 ஜூலை 26-இல் திறக்கப்பட்டது, புது டெர்மினல் என்றே சொல்லி ஏறுங்கள்.

அந்தப் புதுக் கட்டடம் 17,340 சதுர மீட்டர். நெருக்கடி நேரத்தில் ஒரு மணிக்கு 1,350 பேரைத் தாங்கும் கணக்கில் கட்டியது; செலவு சுமார் 450 கோடி ரூபாய். ஓடுதளத்தையும் 1,350 மீட்டரிலிருந்து மூன்று கிலோமீட்டர் அளவுக்கு நீட்டியிருக்கிறார்கள். பழைய ஓடுதளத்தின் நீளம்தான் இத்தனை வருஷம் நம்மைச் சின்ன விமானத்தோடு கட்டிப்போட்டது. 180 பேர் ஏறும் ஏர்பஸ் ஓடி எழ அந்தத் தூரம் போதாது. விசிறி போட்ட ஏ.டி.ஆர். 72-க்குப் போதும். சின்ன விமானத்தின் சங்கதிகளைப் பின்னால் சொல்கிறேன். நிறையப் பேர் தடுமாறுவது அங்கேதான்.

வழியனுப்ப வருகிறவர்கள் வாசலோடு சரி. டிக்கெட் இல்லாதவருக்கு உள்ளே இடமில்லை. ஒருத்தர் துபாய் போக ஒரு வேன் ஜனம் வருவது நம் வழக்கம். வரட்டும், ஆனால் வாசலுக்கு நேராக வண்டியை நிறுத்திவைத்து விபூதி பூசி, அழுது, போட்டோ எடுத்துக்கொண்டிருந்தால் பின்னால் வருகிறவர் இறங்க முடியாது. வண்டியை நிறுத்துமிடத்தில் போட்டுவிட்டு நடந்து வந்து வழியனுப்புங்கள். இன்னொன்று: பெட்டிச் சாவி, மாத்திரை டப்பா, ஆதார் மூன்றும் பயணி கையிலேயே இருக்கிறதா என்று காரிலேயே பார்த்துவிடுங்கள். வாசலைத் தாண்டியபின் ‘அம்மாட்ட இருக்கு’ என்று திரும்பி ஓடும் காட்சி தினசரி நடக்கிறது.

உள்ளே போனால் வழி தெரியாமல் நிற்க வேலையே இல்லை. பெட்டி போடும் கவுண்டர், அதைத் தாண்டி பாதுகாப்புச் சோதனை, அதைத் தாண்டி உட்காரும் கூடம், கூடத்தின் விளிம்பில் கேட். சென்னையில் கேட் மாறினால் பத்து நிமிடம் நடக்க வேண்டும்; இங்கே தலையைத் திருப்பினால் போதும். அந்த நினைப்பே சிலரைக் கெடுக்கிறது. ‘சின்ன ஏர்போர்ட்தானே, அரைமணி முன்னால் போனால் போதாதா’ என்பார்கள். கட்டடத்துக்குத் தக்கபடி நேரக் கணக்கு சுருங்காது. இண்டிகோவில் உள்நாட்டுப் பயணத்துக்குக் கவுண்டரை ஒரு மணி நேரம் முன்பும் கேட்டை 25 நிமிடம் முன்பும் மூடிவிடுகிறார்கள். மற்ற நிறுவனங்களுக்கு நேரம் கொஞ்சம் மாறலாம்; டிக்கெட்டின் அடியில் போட்டிருக்கும், அதுதான் கணக்கு. கவுண்டர் மூடியபின் எவ்வளவு கெஞ்சினாலும் பெட்டி போகாது. ஒன்றரை மணி நேரம் முன்பு வாசலில் இருந்தால் நிதானமாக இருக்கலாம்.

பெட்டி எடை பெரும்பாலும் ஒரு ஆளுக்கு 15 கிலோ, கைப்பை 7 கிலோ. நம் வீட்டுக் கணக்கைப் பாருங்கள்: அல்வா இரண்டு கிலோ, உடன்குடி கருப்பட்டி மூன்று கிலோ, அரிசி ஐந்து கிலோ, காலிப் பெட்டி மட்டும் மூன்றரைக் கிலோ. சட்டை துணி வைக்குமுன்னே பதின்மூன்றரை ஆகிவிட்டது. குளியலறைத் தராசு இல்லாவிட்டால் தெரு மளிகைக்கடை எலக்ட்ரானிக் தராசில் தூக்கிவைத்துப் பார்த்துவிடலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கவுண்டருக்கு முன்னால் தரையில் பெட்டியைத் திறந்துபோட்டு வேட்டியை எடுத்துக் கைப்பையில் திணிப்பதைவிட அது மேல்.

பெட்டியில் கட்டும் பட்டைச் சீட்டை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். பெரிய எழுத்தில் மூன்று எழுத்து இருக்கும்; அதுதான் பெட்டி இறங்கும் ஊர். சென்னை என்றால் எம்.ஏ.ஏ., பெங்களூர் என்றால் பி.எல்.ஆர். கீழே பத்து இலக்க எண். அதே எண் போட்ட சின்னத் துண்டை உங்கள் போர்டிங் பாஸில் ஒட்டித் தருவார்கள். பெட்டி வராமல் போனால் தேடிக்கொடுக்கும் ஒரே ஆதாரம் அந்தத் துண்டு. பெரும்பாலோர் அதைச் சென்னையில் இறங்கியதும் கசக்கிப் போட்டுவிட்டு அப்புறம்தான் பெட்டியைத் தேடுவார்கள்.

பவர் பேங்க் பெரிய பெட்டியில் கூடாது, கைப்பையில்தான். லித்தியம் பேட்டரி சரக்கறையில் தீப்பிடித்தால் அணைக்க ஆள் இல்லை என்பதால் அந்த விதி. அளவு 100 வாட்-அவர் வரை. பேட்டரியில் எம்.ஏ.எச். மட்டும் போட்டிருந்தால் அதை 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள்: 20,000 என்றால் 74, கவலையில்லை. எழுத்து அழிந்துபோன பவர் பேங்கைப் பிடித்துவைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. கோவில்பட்டித் தீப்பெட்டி, சிவகாசிப் பட்டாசு, லைட்டர் எதுவும் எந்தப் பெட்டியிலும் ஆகாது. கொப்பரையும் அப்படியே, எண்ணெய்ச்சத்து மிகுந்து தானாகவே சூடேறிப் பற்றக்கூடிய சரக்கு என்ற வகையில் அதைச் சேர்த்திருக்கிறார்கள். அரிவாள்மனை, கத்தி எல்லாம் பெரிய பெட்டியில். மிளகாய்த்தூளும் ஊறுகாயும் பெரிய பெட்டியிலேயே போகட்டும், பாலித்தீன் இரண்டு சுற்றுச் சுற்றி. கருவாட்டை வெற்றிட பேக்கிங் செய்யாமல் கொண்டுவராதீர்கள். விதி இருக்கட்டும், கூட வருகிறவர்களும் மனுஷர்கள்தானே.

அல்வாவைக் கைப்பையில் கொண்டுபோவதில் பெரிய சிக்கல் வருவதில்லை. தூத்துக்குடி மக்ரூனைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். பெரிய பெட்டியில் போட்டால் சென்னையில் முந்திரித்தூளாக இறங்கும். கருப்பட்டிதான் விசேஷம். எக்ஸ்ரே திரையில் இரும்பு நீலமாகத் தெரியும், உணவு போன்ற கரிமப் பொருள் ஆரஞ்சாகத் தெரியும். துணியும் பிஸ்கட்டும் வெளிறிய ஆரஞ்சு. கருப்பட்டியோ கனத்த வட்டு, அடுக்கிவைத்தால் கரும் ஆரஞ்சில் ஒரே பாளமாக நிற்கும். ஊடே என்ன இருக்கிறது என்று திரை பார்ப்பவருக்குத் தெரியாது. பை ஓரமாகத் தள்ளப்படும்.

“இது யார் பை? உள்ள என்ன இருக்கு?”

“கருப்பட்டிங்க சார்.”

“திறங்க.”

ஓலைப்பெட்டியோடு மேலாக வைத்திருந்தால் அரை நிமிடத்தில் முடியும். சேலைக்கடியில் புதைத்திருந்தால் மொத்தப் பையும் மேசையில் வரும்.

சோதனையில் சட்டைப்பை சில்லறை, பெல்ட், செல்போன், வாட்ச் எல்லாம் தட்டில். மடிக்கணினி தனியாக. தாலிச்சங்கிலியைக் கழற்ற வேண்டியதில்லை; பெண்களுக்குத் திரை மறைவில் பெண் காவலர்தான் பார்ப்பார். ஆண்களுக்கு இன்னொரு விஷயம்: வெள்ளி அரைஞாண். பெல்ட்டைக் கழற்றியபிறகும் இடுப்பருகே கருவி கத்தினால் பதற வேண்டாம், ‘அரைஞாண் கொடி சார்’ என்றால் போதும்.

சபரிமலை சீசனில் இருமுடியோடு போகிறவர்களுக்கு ஒரு சொல். முழுத்தேங்காயைக் கைப்பையில் கொண்டுபோகத் தடை உண்டு. 2022-லிருந்து மண்டல, மகரவிளக்குக் காலத்துக்கு மட்டும் இருமுடித் தேங்காய்க்கு விலக்கு அறிவித்திருக்கிறார்கள். அது அந்தந்த வருஷத்துக்கு, தேதி குறித்து வரும் அனுமதி. அந்த வருஷ அறிவிப்பு வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

சோதனை தாண்டியபின் வெளியே வந்து திரும்பிப் போவது சுலபமில்லை. சாப்பாட்டை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். நம்மூர் இட்லியைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் சென்னை வரை தாங்கும்.

இப்போது அந்தச் சின்ன விமானம். இண்டிகோவின் ஏ.டி.ஆரில் 78 இருக்கை, இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. ஏறும் கதவு வால்பக்கம்; கதவே கீழே விழுந்து படியாகிறது. முன்பக்கக் கதவு சரக்குக்கு. ஆகையால் ஜெட் விமானப் பழக்கத்தில் காசு கொடுத்து முதல் வரிசையை வாங்கினால் கடைசி ஆளாக இறங்குவீர்கள், விசிறிச் சத்தமும் காதருகே. பின்வரிசைதான் நல்லது. இறக்கை மேலே இருப்பதால் ஜன்னல் எதுவானாலும் கீழே தெரியும். சென்னை போகும்போது வலப்பக்கம் உட்கார்ந்தால் கடல் பக்கம்.

தலைக்குமேல் உள்ள அலமாரி சின்னது. ஜெட்டில் தாராளமாகப் போகும் கைப்பெட்டி இதில் போகாது. விமானத்தடியிலேயே பணியாள் வாங்கிச் சீட்டுக் கட்டிச் சரக்கறையில் வைத்துவிடுவார். அதனால் என்ன என்று கேட்டால், உள்ளே பவர் பேங்க் இருக்கும், சர்க்கரை மாத்திரை இருக்கும், நகை இருக்கும், வீட்டுப் பத்திரம் இருக்கும். இவற்றை முதலிலேயே ஒரு துணிப்பையில் போட்டு, கைப்பெட்டிக்குள் மேலாக வையுங்கள். பெட்டியைக் கேட்டதும் துணிப்பையை உருவிக்கொண்டு பெட்டியைக் கொடுத்துவிடலாம். ஓடுதள ஓரத்தில் குனிந்து ஜிப்பைத் திறந்து தேடிக்கொண்டிருந்தால் வரிசையே நிற்கும்.

வீல்சேர் கேட்பதென்றால் டிக்கெட் போடும்போதே கேளுங்கள், குறைந்தது 48 மணி நேரம் முன்பாவது. வெறுமனே ‘வீல்சேர் வேணும்’ என்றால் பாதிச் செய்திதான். அதிக தூரம் நடக்க முடியாது ஆனால் படி ஏறுவார், படியும் ஏறமாட்டார், தூக்கித்தான் உட்கார வைக்க வேண்டும் என்று மூன்று வகை இருக்கிறது. ஏ.டி.ஆரில் படி குறைவுதான் என்றாலும் செங்குத்து. ஆச்சிக்குப் படி முடியாது என்பதை முதலிலேயே சொன்னால்தான் சாய்தளமோ தூக்கும் கருவியோ ஏற்பாடு செய்வார்கள்.

ஆனி, ஆடிக் காற்றில் விமானம் குலுங்கும். கணவாய் வழியே வரும் தென்மேற்குக் காற்று நம் பக்கம் எப்படி அடிக்கும் என்று கயத்தாறு காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வயிறு லேசானவர்கள் விமானத்தின் நடுவரிசை இருக்கைகளைப் பார்த்து எடுக்கலாம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழைக்காலத்தில் பிரச்சினை வேறு: பார்வைத்தூரம் குறைந்தால் இறங்க முடியாமல் வேறு ஊருக்குத் திருப்புவார்கள், அல்லது ரத்து. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோது விமானம் என்ன, சாலையே இல்லை. அந்த மாதங்களில் மறுநாள் காலை இன்டர்வியூ, முகூர்த்தம் என்றால் முந்தின நாள் ரயிலே மேல்.

ரத்தானால் என்ன கிடைக்கும்? முன்கூட்டிச் சொல்லாமல் ரத்து செய்தால், மாற்று விமானமோ பணமோ தருவதுபோக, ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் வரை ஓடும் விமானத்துக்கு 7,500 ரூபாய், அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இதில் எது குறைவோ அது என்று விதி. புயல், மழை போன்ற நிறுவனத்தின் கையில் இல்லாத காரணத்துக்கு இந்த இழப்பீடு கிடையாது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமென்றால் சாப்பிடக் கொடுக்க வேண்டும். கேட்டால்தான் கொடுப்பார்கள், கேளுங்கள்.

வளைகுடாவிலிருந்து சென்னை வழியாக வருகிறவர்களுக்குத்தான் நிஜமான அலைச்சல். வாகைகுளத்தில் வெளிநாட்டு விமானம் இறங்குவதில்லை, ஆகவே சுங்கச் சோதனை சென்னையிலேயே. ஒரே டிக்கெட்டாக இருந்தாலும் பெட்டியைச் சென்னையில் எடுத்து, சுங்கம் கடந்து, மறுபடி உள்நாட்டுப் பக்கம் கொண்டுபோய்ப் போட வேண்டும். டி2, அதாவது இரண்டாம் டெர்மினல், சர்வதேசம்; உள்நாட்டு விமானம் டி1-இலா டி4-இலா என்பது டிக்கெட்டில் இருக்கும். மூன்று மணி நேரத்துக்குக் குறைந்த இடைவெளி வைத்தால் நெஞ்சு படபடத்துக்கொண்டே வருவீர்கள். தனித்தனி டிக்கெட் எடுத்திருந்தால் இன்னொரு அடி காத்திருக்கிறது: துபாயில் 30 கிலோ அனுமதித்திருப்பார்கள், இங்கே 15 கிலோ. மிச்சம் 15 கிலோவுக்குக் கிலோ கணக்கில் கட்ட வேண்டும். டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது பால்பவுடர் டின்னுக்கே போய்விடும்.

அதனால்தான் வள்ளியூருக்குத் தெற்கே இருப்பவர்கள் திருவனந்தபுரமே மேல் என்கிறார்கள். சரிதான். ஆனால் அங்கே ஒரு பொறி இருக்கிறது. டி1 சங்குமுகம் பக்கம், டி2 சாக்கை பக்கம். நடுவில் ஓடுதளம் கிடக்கிறது. குறுக்கே நடந்து போக முடியாது, சாலை வழியாகச் சுற்றித்தான் வர வேண்டும். வெளிநாட்டு விமானங்கள் டி2. சில உள்நாட்டு விமானங்களும் டி2-விலிருந்து கிளம்புகின்றன என்பதால் ‘உள்நாடு என்றால் டி1’ என்று கண்ணை மூடிக்கொண்டு போகக்கூடாது. நாகர்கோவில் தாண்டியதும் டிரைவர் கேட்பார், “எந்தப் பக்கம்ணே, கடற்கரையா சாக்கையா?” அவர் கேட்காவிட்டால் டிக்கெட்டை எடுத்துப் பார்த்து நீங்கள் சொல்லிவிடுங்கள்.